808-க்குள்ள தோல் கிடையாது, ஊஞ்சல் தான் இருக்கு

போன சனிக்கிழமை இங்க தென்னாப்பிரிக்காவுல, டர்பன் பக்கம் சாட்ஸ்வர்த்ல அக்கா வீட்ல சாப்ட்டுட்டு உக்காந்திருந்தப்போ வாசல்ல ஒரு மினிபஸ் டாக்சி வந்து நின்னுச்சு, ஆள் ஏத்தின அந்த ரெண்டு நிமிஷமும் ஜன்னல் கண்ணாடி நடுங்கிட்டே இருந்துச்சு. பாட்டு என்னன்னு தெரியல, வார்த்தை ஒண்ணும் புரியல, தும்ம்ம்ம்னு ஒரு அடி மட்டும் செவுத்தைத் தாண்டி உள்ள வருது. அக்கா பையன் ராத்திரி பூரா லேப்டாப்ல கோம் பீட் போடறவன் (டர்பன்ல பொறந்த டான்ஸ் இசை, ஜூலு வார்த்தை, முதல் எழுத்தை நாக்கால சொடுக்கிச் சொல்லணும்), அவன் கேட்டான்: "மாமா, எல்லாரும் 808, 808-ங்கறாங்களே, அது எந்த ட்ரம்மை அடிச்சு ரெக்கார்ட் பண்ணது?"

எந்த ட்ரம்மையும் அடிக்கல டா, 808-ங்கறது தாளம் போடற ஒரு மெஷின். அதுக்காகத்தான் இதை எழுதறேன்.

செவுத்தைத் தாண்டி வர்றது ஏன்னு முதல்ல சொல்லிடறேன். அந்த பேஸ், அதாவது தாழ்ந்த சுருதி சத்தம், நொடிக்கு சுமாரா 50 தடவை அதிருது, காத்துல ஒரு அலையோட நீளம் கிட்டத்தட்ட 7 மீட்டர், அவ்வளவு பெரிய அலையை ஒரு செங்கல் செவுரும் ஒரு திரைச்சீலையும் தடுத்துடாது.

மெஷின் தாளம் போடறது பழைய சங்கதி. 1959-ல அமெரிக்காவுல வுர்லிட்சர் கம்பெனி சைட்மேன்னு ஒரு பெட்டி வித்தாங்க, உள்ள ஒரு தட்டு சுத்தும், அது தொடுற இடத்துல எல்லாம் வால்வ் சர்க்யூட் சத்தம் போடும். ஜப்பான்ல கடிகாரமும் ரேடியோவும் ரிப்பேர் பண்ணி வளந்த இகுத்தாரோ ககெஹாஷி 1972-ல ரோலண்ட் கம்பெனி ஆரம்பிச்சார், அங்கருந்து 1980-ல வந்தது தான் டிஆர்-808. அதே வருஷம் நிஜ ட்ரம்மை ரெக்கார்ட் பண்ணி சிப்ல அடைச்ச லின் எல்எம்-1 வந்துச்சு, விலை கிட்டத்தட்ட 5,000 டாலர், 808 1,195 டாலர். அப்போ மெமரி சிப் தங்க விலை, அதனால 808-காரங்க ரெக்கார்டிங் பக்கமே போகாம சத்தத்தை சர்க்யூட்லயே பொறக்க வச்சாங்க.

இனிமே தான் எனக்குப் பிடிச்ச இடம், கொஞ்சம் பொறுமையா வாங்க.

வீட்டு ஊஞ்சலை நெனச்சுக்கோங்க. ஒரே ஒரு தள்ளு தள்ளிட்டு கையை எடுத்துடறீங்க. அது பாட்டுக்கு போகும் வரும், வீச்சு கொஞ்சம் கொஞ்சமா கொறையும், ஆனா ஒரு தடவை போய் வர்ற நேரம் மட்டும் மாறாது, பெருசா ஆடினாலும் சின்னதா ஆடினாலும் கிட்டத்தட்ட அதே நேரம். 808-ஓட பேஸ் ட்ரம் அச்சு அசல் இது தான். ரெண்டு கெப்பாசிட்டர், சில ரெசிஸ்டர், ஒரு ஆம்ப்ளிஃபையர், இதுங்களை வளைச்சுக் கட்டினா மின்னழுத்தம் ஊஞ்சல் மாதிரி மேலயும் கீழயும் ஆட ஆரம்பிக்கும். நீங்க பட்டன்ல போட்டு வச்ச இடம் வந்ததும் மெஷின் அதுக்கு ஒரு மில்லிசெகண்ட் அளவுக்கு ஒரு சின்ன தட்டு குடுக்குது, அவ்வளவு தான், அதுக்கப்புறம் அதைத் தொடறதே இல்ல. ஆட்டம் அடங்கற வரைக்கும் நம்ம காதுல தும்ம்ம்ம். சத்தம் கொறைஞ்சாலும் சுருதி எறங்காம நிக்குதே, அதுக்குக் காரணம் ஊஞ்சலோட அந்த மாறாத நேரம் தான். ஒரு அடியை மட்டும் அழுத்திக் காட்ட அக்சென்ட் வச்சா கொஞ்சம் பலமான தள்ளு. டிகேன்னு ஒரு குமிழ் இருக்கு, அது என்ன பண்ணுதுன்னா ஆடிட்டு திரும்பி வர்றதுல ஒரு பங்கை எடுத்து மறுபடி உள்ளயே தள்ளி விடுது, அதாவது ஊஞ்சல் பின்னாடி ஒரு பொடியன் நின்னு வர்றப்போ எல்லாம் லேசா ஒரு கை வைக்கிற மாதிரி, அதனால அடங்கறதுக்கு நேரம் ஆகும்.

இன்னொரு அழகு இருக்கு. தட்டின உடனே முதல் சில மில்லிசெகண்ட் மட்டும் சுருதி ஒரு ஸ்தாயிக்கும் மேல எகிறி, சட்டுனு கீழ எறங்குது. நம்ம மாரியம்மன் பூஜைல உடுக்கை அடிக்கிறவரோட இடது கையைப் பாருங்க, கயித்தை அமுக்கினா தோல் இறுகி சுருதி ஏறும், விட்டா எறங்கும். பெரிய ட்ரம்லயும் ஓங்கி அடிச்ச கணம் தோல் இழுபட்டு சுருதி ஏறி, அப்புறம் தான் நெலைக்கு வரும். தோலே இல்லாத ஒரு சர்க்யூட், ஒரு ட்ரான்சிஸ்டரை ஒரு கணம் திறந்து மூடி, அதே மாதிரி ஏறி எறங்குது! இதை முதல் தடவை ஆசிலாஸ்கோப் (மின்னழுத்தம் ஆடறதை கோடா வரைஞ்சு காட்டற கருவி) திரைல பாத்தப்போ, நெருக்கமா ஆரம்பிச்ச கோடு சட்டுனு அகலமாகி மெல்ல மெல்ல தட்டையாச்சு, எனக்கு உடம்பு சிலிர்த்துப் போச்சு.

கைதட்டல் சத்தமும் ரெக்கார்டிங் இல்ல. பஜனைல பத்து பேர் தட்டினா ஒரே கணத்துல விழாது, முன்ன பின்ன விழும், அதனால இரைச்சலை எடுத்து மூணு பொடி வெடிப்பா அடுத்தடுத்து விட்டு கடைசில ஒரு வால் சேத்துட்டாங்க. அந்த இரைச்சலுக்கு ககெஹாஷி வேணும்னே கோளாறான ட்ரான்சிஸ்டரை வாங்கினார், மத்த கம்பெனி கழிச்சுக் கட்டினது. செமிகண்டக்டர் தொழில் முன்னேறி கோளாறு சரக்கு வர்றது கொறைஞ்சதும் 1983-ல 808 தயாரிக்கிறது நின்னு போச்சு, மொத்தமே சுமார் 12,000 தான் வந்துச்சு. இரைச்சலை ஒருத்தர் உக்காந்து காது குடுத்துக் கேட்டதால வந்த சத்தம் இது. நம்ம பள்ளிக்கூடங்கள்ல டேப்லெட் வாங்க காசு இருக்கு, ஒரு ஆசிலாஸ்கோப் வாங்கன்னா யோசிக்கிறாங்க, எனக்கு அது ரொம்ப வருத்தம்.

நின்னு போன மெஷின் பழைய சாமான் கடைல மலிவாச்சு, காசில்லாத பசங்க கைக்கு வந்துச்சு, ஹிப்ஹாப்பும் சிகாகோ ஹவுஸ்ங்கற டான்ஸ் இசையும் அதுல வளந்துச்சு. 1982-லயே பாம்பே சினிமா வாத்தியக்காரர் சரண்ஜித் சிங் 808-ஐ வச்சு ராகங்களை டிஸ்கோ தாளத்துல வாசிச்சு ரெக்கார்டே போட்டுட்டார். ஹவுஸ் நம்ம நாட்டுக்கு வந்து வேகம் கொறைஞ்சு 90-கள்ல க்வைட்டோ ஆச்சு, அதுக்கப்புறம் டர்பன் டவுன்ஷிப் பசங்க கம்ப்யூட்டர்ல அந்தத் தாளத்தையே ஒடச்சுப் போட்டு கோம் பண்ணாங்க.

ஒரு கல்யாணத்துல இந்த பேஸ் போட்டதும் ஆம்ப் நின்னு போச்சு, கண்ணு பட்டுடுச்சுன்னு ஒருத்தர் எலுமிச்சம்பழம் கொண்டு வந்து ஸ்பீக்கர் மேல வச்சார். தாழ்ந்த சுருதி நம்ம காதுக்கு மந்தமாத் தான் கேக்கும், அதனால பேஸை உரக்க கேக்க வைக்க கரண்ட் மத்த சத்தத்தை விட பல மடங்கு இழுக்கும், ஆம்ப் தன்னைக் காப்பாத்திக்க நின்னுடுச்சு. பேஸைக் கொறைச்சோம், ஓடுச்சு. அதே மனுஷன் தப்பு மேளத்தை நெருப்புல காட்டி ஈரம் போக்கி தோலை இறுக்கத் தெரிஞ்சவர், அந்த அறிவு கைல இருக்கறப்போ எலுமிச்சம்பழம் எதுக்கு, அதை அவர்கிட்டயே கேட்டேன்.

பையனுக்கு அன்னிக்கு சாயங்காலமே ப்ரெட்போர்டுல (சாலிடர் இல்லாம ஒயரை சொருகற பலகை) அந்த சர்க்யூட்டைக் கட்டிக் குடுத்தேன். பழைய ஸ்பீக்கர்ல ஒயரை சொருகி ஒரு தட்டு தட்டினான், தும்ம். டிகே குமிழை மெல்ல மெல்ல திருகிட்டே தட்டினான், தும்ம்ம், தும்ம்ம்ம், கடைசில ஒரு இடத்துல கையை எடுத்துட்டான், சத்தம் அடங்கவே இல்ல, பின்னாடி நின்ன பொடியன் தள்ளறதும் ஊஞ்சல் இழக்கறதும் சரியா ஈடாயிடுச்சு. "மாமா, நிக்க மாட்டேங்குது"ன்னான், ஸ்பீக்கர் பேப்பர் மேல விரலை வச்சுக்கிட்டே.