சாத்திய சன்னல், ஓயாத அலாரம்

மருத்துவமனை வாசலில் ‘ஒலி எழுப்பாதீர்’ என்று பலகை இருக்கும். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி அமைதி மண்டலத்தில் பகலில் 50 டெசிபல், இரவில் 40 டெசிபல்தான் வரம்பு. குன்னூர், ஊட்டி பக்கம் வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்தே ஏறிவரும் வண்டிகளுக்கு அந்தப் பலகை வேண்டியதுதான். ஆனால் அவசர சிகிச்சைப் பிரிவின் இரைச்சலில் பெரும்பங்கு உள்ளேயே பிறக்கிறது. மலையில் அது அடங்காமல் சுற்றிவர ஒரு காரணம், குளிருக்குப் பயந்து சாத்திவைத்த சன்னல்.

1890-களில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் எதிரொலியால் பாழான ஒரு விரிவுரைக் கூடத்தை ஆராய்ந்த வாலஸ் சபைன், ஒலி உறிஞ்சலை அளக்கத் திறந்த சன்னலையே அலகாக வைத்துக்கொண்டார். வெளியே போன ஒலி திரும்பாது அல்லவா? டைல்ஸ், தன்மேல் படும் ஒலியில் நூற்றில் இரண்டு பங்கை விழுங்கினாலே அதிகம். ஆக, 6 சதுர மீட்டர் சன்னலைத் திறந்தால் 300 சதுர மீட்டர் டைல்ஸுக்குச் சமம். கழுவித் துடைக்க வசதி என்று தரை, சுவர் எல்லாம் டைல்ஸ் பதித்து, சன்னலையும் மூடிவிட்டால் ஸ்ட்ரெச்சர் சக்கரத்தின் கிரீச் சத்தம்கூடச் சுவருக்குச் சுவர் மோதிக்கொண்டே இருக்கும்.

சரி, ஊட்டிக் குளிரில் நோயாளியை வைத்துக்கொண்டு சன்னலைத் திறக்க முடியாது. கூரையைத்தான் பார்க்க வேண்டும். 10 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம், மூன்றரை மீட்டர் உயரமுள்ள அறையை எடுத்துக்கொள்வோம். ஆட்களையும் மெத்தைகளையும் சேர்த்தே மொத்த உறிஞ்சல் 13 சதுர மீட்டர் திறந்த சன்னல் அளவுதான் தேறும்; சபைன் சூத்திரப்படி ஒலி அடங்க மூன்றரை விநாடி. கூரை முழுக்க நல்ல உறிஞ்சு பலகை அடித்தால் அது முக்கால் விநாடிக்கும் கீழே வரும், இரைச்சலும் சுமார் 7 டெசிபல் குறையும். கழுவக்கூடிய பலகையாகப் பார்த்து வாங்க வேண்டும், இல்லாவிட்டால் கிருமித் தொற்றுக்கு வழி. தகரக் கூரைக் கட்டடம் என்றால் பலகைக்கு மேல் பாறைக்கம்பளியும் (பாறையை உருக்கி இழையாக்கிய பஞ்சு போன்ற பொருள்) போடலாம். கூடலூரின் ஆடி மழை தகரத்தில் இறங்கும்போது அதன் அருமை தெரியும்.

இந்த 7 டெசிபல் இன்னும் கொஞ்சத்தைக் கூட்டிக்கொண்டு இறங்கும். சுற்றிலும் சத்தம் என்றால் நாம் அறியாமலே குரலை உயர்த்துவோம். கல்யாணப் பந்தியில் நடப்பதுதான். பிரெஞ்சு மருத்துவர் லோம்பார்டு 1911-இல் இதை விவரித்தார். சத்தம் இறங்கினால் குரல்களும் தாமாக இறங்கும். ‘மெதுவாகப் பேசுங்கள்’ என்று சிஸ்டர் கத்த வேண்டியதில்லை.

அப்புறம் அலாரம். தேயிலைத் தோட்டத்தில் நனைந்து வந்த ஒருவரின் விரலில், ஒளி பாய்ச்சி ரத்தத்தின் ஆக்சிஜனை அளக்கும் கிளிப்பை மாட்டுகிறார்கள். விரல் ஜில்லென்று இருக்கிறது. ரத்தக் குழாய்கள் சுருங்கி, நாடித் துடிப்பின் ஒளிச் சைகை மங்குகிறது. மானிட்டர் தடுமாறிக் கூச்சலிடுகிறது. கையைச் சூடாக்குவது, காதுமடலில் பொருந்தும் சென்சாருக்கு மாறுவது இரண்டுமே நல்ல வைத்தியம்.

உயரமும் சேர்ந்துகொள்கிறது. சுமார் 2,240 மீட்டரில் இருக்கும் ஊட்டியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குக்குச் சற்று மேல். அதனால் நலமாக இருப்பவருக்கே ஆக்சிஜன் அளவு ஓரிரு புள்ளி குறைவாகக் காட்டலாம். எச்சரிக்கை வரம்பை 94 சதவீதத்தில் வைத்தால், தூங்கும்போது சற்றே இறங்கினாலும் மணி அடிக்கும். பொய் அலாரம் பெருகப் பெருகக் காது பழகிவிடும், மெய்யான அலாரமும் அதில் கரைந்துபோகும். இரைச்சலில் ஆபத்தான பகுதி என்று நான் நினைப்பது இதைத்தான்.

எனவே வரம்பை நோயாளிக்கு நோயாளி மருத்துவர் தீர்மானிப்பதும், நொடிநேரச் சரிவுக்கு ஒலிக்காதபடி சில விநாடி தாமதம் வைப்பதும் வழக்கம். இதயம் நின்றதைச் சொல்லும் அலாரத்தின் மேல் மட்டும் யாரும் கை வைப்பதில்லை.