கூட்டத்தில் உங்களை மட்டும் ஏன் கேட்கிறார்கள்?

"பஸ் ஸ்டாண்டுல அத்தனை பேர் நிக்கிறாங்க மேடம். வர்றவங்க எல்லாரும் என்கிட்டயே வர்றாங்க. ஏமாளின்னு என் மூஞ்சியில எழுதியா ஒட்டியிருக்கு?"

ஆலோசனைக்கு வந்த ஒரு பெண் இப்படிக் கேட்டபோது அவர் குரல் தழுதழுத்தது. (அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.) கடலூரிலிருந்து புதுச்சேரிக்குத் தினமும் வேலைக்கு வருபவர். கைக்குழந்தையோடு ஒரு பெண் வந்து, பர்ஸ் தொலைந்துவிட்டது, திருவண்ணாமலை போகணும் என்று அழ, 500 ரூபாய் கொடுத்திருக்கிறார். இரண்டு வாரம் கழித்துக் கடலூர் பஸ் ஸ்டாண்டில் அதே குழந்தை, அதே அழுகை. பணம் போனதைவிட, 'நான் என்ன அவ்வளவு இளிச்சவாயா' என்ற எண்ணம்தான் அவரைத் தூங்கவிடவில்லை.

சரி, பஸ்ஸுக்கு எப்படி நிற்பீர்கள் என்று கேட்டேன். எழுந்து நின்று காட்டினார். தலை நிமிர்ந்து பஸ் போர்டுகளைப் படிப்பார். யாராவது பார்த்தால் சட்டென்று பார்வையைத் திருப்பிக்கொள்ளத் தெரியாது, லேசாகச் சிரித்துவிடுவார். சுற்றி நிற்பவர்களோ குனிந்து செல்போனில் இருப்பார்கள். வழி தெரியாமல் தவிப்பவர் வேறு யாரிடம் போவார்?

ஒரு முகத்தைப் பார்த்து 'இவரை நம்பலாம்' என்று நினைக்க, நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரமே போதும் என்று உளவியலாளர்கள் வில்லிஸ், டோடரோவ் இருவரும் 2006-இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. நினைத்தது சரியா என்பது வேறு விஷயம். உதவி கேட்பவருக்குப் பெரிய பயம், நாலு பேர் முன்னால் விரட்டப்படுவதுதான். ஜிப்மர் ஆஸ்பத்திரிச் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கும் பண்ருட்டிப் பெரியவர், வள்ளென்று விழாத முகத்தைத் தேடுகிறார். ஏமாற்ற வருபவரும் அதே முகத்தைத்தான் தேடுகிறார்.

அதற்காக முகத்தை இறுக்கிக்கொள்ளுங்கள் என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். உதவுங்கள், ஆனால் எப்படி உதவுவது என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். டிக்கெட்டுக்குக் காசு கேட்டால், "வாங்க, கண்டக்டர்கிட்ட நானே எடுத்துத் தர்றேன்" என்று சொல்லுங்கள். ஊர் போக வேண்டியவர் கூடவே வருவார். ஏமாற்ற வந்தவரோ, கையில் காசாகத்தான் வேண்டும் என்று அவசரப்படுத்துவார். போன் பேசணும் என்றால் நம்பரை நீங்களே போட்டு ஸ்பீக்கரில் வையுங்கள். ஏடிஎம்மில் யார் கேட்டாலும் அவர் கார்டை வாங்காதீர்கள், உங்கள் கார்டையும் தராதீர்கள். ஆன்லைனில் ஏமாந்து பணத்தை இழந்துவிட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் பேசுங்கள்.

அந்தப் பெண் இப்போது இப்படித்தான் செய்கிறார். நெல்லிக்குப்பம் போக வேண்டிய ஒரு பாட்டியை பஸ் ஏற்றிவிட்டதைச் சொல்லும்போது அவர் முகம் தெளிந்திருந்தது.

அப்புறம், கூட்டத்தில் மயங்கி விழப்போவது நாமாகவும் இருக்கலாம். 1968-இல் டார்லி, லட்டானே என்ற உளவியலாளர்கள் வெளியிட்ட சோதனையில், வலிப்பில் தவிப்பவர் போன்ற குரலைத் தான் மட்டுமே கேட்கிறோம் என்று நம்பியவர்களில் 85 சதவீதம் பேர் அந்தக் குரல் அடங்குவதற்குள் உதவிக்கு எழுந்தார்கள். இன்னும் நாலு பேர் கேட்கிறார்கள் என்று நம்பியவர்களில் எழுந்தது 31 சதவீதம்தான். "யாராவது வாங்களேன்" என்றால் ஒவ்வொருவரும் அடுத்தவரைப் பார்ப்பார்கள். ஒருவரைக் கை காட்டிக் கூப்பிடுங்கள்: "நீலச் சட்டை தம்பி, 112-க்கு போன் போடுப்பா."