டெக்சாஸ் பள்ளி ஃபுட்பால்: யார் யாரோடு மோதுவது என்பதை முடிவு செய்யும் விதி

டல்லாஸ் அருகே உள்ள ஆலன் நகரத்தின் உயர்நிலைப் பள்ளியில் 6,000க்கும் அதிகமான மாணவர்கள் படிக்கிறார்கள். 18,000 பேர் அமரக்கூடிய சொந்த ஃபுட்பால் அரங்கமும் அதற்கு உண்டு. (நம் கால்பந்து அல்ல, ஹெல்மெட் அணிந்து ஆடும் அமெரிக்க ஆட்டம்.) அது ஆடுவது 6ஏ எனப்படும், மிகப் பெரிய பள்ளிகளுக்கான நிலையில். அதே நிலையில் 2,300 மாணவர்கள் உள்ள பள்ளியும் ஆட வேண்டும். இது எப்படி நியாயம் என்று பெற்றோர் கேட்பதில் தவறே இல்லை.

டெக்சாஸ் அரசுப் பள்ளிகளின் போட்டிகளை நடத்துவது யுஐஎல் என்ற அமைப்பு. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை, அக்டோபரில், 9 முதல் 12ஆம் வகுப்பு வரையிலான மாணவர் எண்ணிக்கையைப் பள்ளிகள் அதற்குத் தெரிவிக்கின்றன. அதைக் கொண்டு பள்ளிகள் 1ஏ முதல் 6ஏ வரை ஆறு நிலைகளாகப் பிரிக்கப்பட்டு, பிப்ரவரியில் பட்டியல் வெளியாகிறது. 2024–26 சுற்றில் 2,275 பேரும் அதற்கு மேலும் இருந்தால் 6ஏ. மிகச் சிறிய 1ஏ பள்ளிகள் அணிக்கு ஆறு பேரைக் கொண்டே ஆடுகின்றன. ஒரு பள்ளி தானே விரும்பி மேல் நிலைக்குப் போகலாம், கீழே இறங்க முடியாது.

ஒவ்வொரு நிலைக்குள்ளும் டிவிஷன் 1, டிவிஷன் 2 என இரண்டு கோப்பைகள். 5ஏ வரை எந்தப் பள்ளி எந்த டிவிஷன் என்பது பருவம் தொடங்கும் முன்பே தெரியும். இதே 2024–26 சுற்றில் 6ஏவில் மட்டும் அப்படியில்லை. அங்கே அண்டைப் பள்ளிகள் சேர்ந்த 32 டிஸ்ட்ரிக்ட்கள் உண்டு. ஒவ்வொன்றிலும் முதல் நான்கு அணிகள் பிளேஆஃப், அதாவது தோற்றால் வெளியேறும் இறுதிக்கட்ட ஆட்டங்களுக்குச் செல்லும். அந்த நால்வரில் மாணவர் எண்ணிக்கை அதிகமுள்ள இருவர் டிவிஷன் 1க்கும், மற்ற இருவர் டிவிஷன் 2க்கும் போவார்கள்.

ஓர் உதாரணம்: ஒரு டிஸ்ட்ரிக்டில் தகுதி பெற்ற நான்கு பள்ளிகளில் முறையே 4,000, 3,400, 3,100, 2,500 மாணவர்கள் என்று வைத்துக்கொள்வோம். 3,100 பேர் உள்ள பள்ளி இங்கே டிவிஷன் 2. மற்ற மூன்றும் சிறியவையாக உள்ள வேறொரு டிஸ்ட்ரிக்டில் அதே அளவுள்ள பள்ளி டிவிஷன் 1. கூடத் தகுதி பெறுவது யார் என்பதைப் பொறுத்து ஒரு பள்ளியின் பாதையே மாறுகிறது. கீழ் நிலைகளைப் போல 6ஏவிலும் முன்கூட்டியே பிரிப்பதுதான் சரி என்பது என் உறுதியான கருத்து. பிளேஆஃபில் ஆறு ஆட்டங்கள் வென்றால்தான் கோப்பை என்னும்போது, எதிரில் நிற்கப்போவது எத்தகைய பள்ளி என்பது பிள்ளைகளுக்கு முதலிலேயே தெரிந்திருக்க வேண்டும்.

தலைகளை எண்ணுவது வறுமையை எண்ணாது. பயிற்சிக்கூடம், தனிப் பயிற்சியாளர், வசதியான பெற்றோர் எதுவும் இந்தக் கணக்கில் வராது. இண்டியானா மாநிலம் அணிகளின் வெற்றிகளுக்கும் புள்ளி தருகிறது. இரண்டு ஆண்டுகளில் போதிய புள்ளி சேர்ந்தால், மாணவர் எண்ணிக்கை எதுவானாலும் அந்த அணி ஒரு நிலை மேலே ஏற்றப்படும்.

ஆலன், ஃபிரிஸ்கோ, பிளேனோ பகுதிகளில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஃபிரிஸ்கோ பள்ளி நிர்வாகம் ஒரே பெரும் பள்ளி கட்டாமல் பத்துக்கும் மேற்பட்ட உயர்நிலைப் பள்ளிகளை நடத்துகிறது, அதனால் அணியில் இடம் கிடைக்கும் பிள்ளைகள் அதிகம். ஆனால் நல்ல அணியைத் தேடிப் பள்ளி மாற்றினால் சிக்கல். முன்பு வேறு பள்ளிக்காக ஆடிய மாணவர் அதற்கான படிவத்தை நிரப்ப வேண்டும். விளையாட்டுக்காகவே மாறியதாக டிஸ்ட்ரிக்ட் குழு முடிவு செய்தால், குறைந்தது ஓராண்டு பள்ளியின் முதன்மை அணியில் ஆட முடியாது.