கனத்த ஸ்லைடு வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு

துப்பாக்கி சுடும் கிளப்பில் பழுது பார்க்கும் மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவனிடம் அடிக்கடி வரும் கேள்வி இது. "சார், இந்த பிஸ்டல்ல சாதா ஸ்லைடு ஒண்ணு இருக்கு, கனமான ஸ்லைடு போட்டதும் ஒண்ணு இருக்கு. எதை எடுக்கிறது?" ஸ்லைடு என்பது ஒவ்வொரு முறை சுடும்போதும் பின்னால் போய்த் திரும்பி வரும் பிஸ்டலின் மேல்பாகம். கேட்பவரின் மனதில் பெரும்பாலும் பதில் தயாராகவே இருக்கும். கனம் என்றால் உறுதி, உதைப்பும் குறையும், ஆகவே கனமானதுதான் நல்லது. பாதி சரி. மீதிப் பாதியால்தான் சிக்கல் வருகிறது.

முதலில் அந்தக் கனம் என்ன செய்கிறது என்று பார்ப்போம். 9 மி.மீ. தோட்டாவின் குண்டு சுமார் 8 கிராம். அது விநாடிக்கு 350 மீட்டர் அளவு வேகத்தில் முன்னால் பாயும்போது, அதே அளவு உந்தம் ஸ்லைடையும் பேரலையும் (குண்டு பாயும் குழல்) பின்னால் தள்ளுகிறது. தோட்டா மாறாதவரை அந்த உந்தமும் மாறாது. பின்னால் போகும் எடை 10 சதவீதம் கூடினால் அதன் வேகம் சுமார் 9 சதவீதம் குறையும். அது சுமந்து போகும் ஆற்றலும் அதே 9 சதவீதம் குறையும். ஸ்லைடு பின்னால் போய் ஃபிரேமில் (கைப்பிடியுள்ள அடிப்பாகம்) மோதும் அடி அந்த அளவுக்கு மென்மையாகிறது. ஃபிரேம், பூட்டும் பாகங்கள், பின்கள் எல்லாம் கொஞ்சம் கூடுதல் காலம் உழைக்கும். கனத்த ஸ்லைடால் கிடைக்கும் லாபத்தில் பெரும்பகுதி இதுதான்.

கைக்குக் கிடைப்பது அதைவிடக் குறைவு. கையில் வந்து சேரும் மொத்த உதைப்பு எங்கும் போய்விடாது, சற்று நீண்ட நேரத்தில் பரவுகிறது, அவ்வளவே. பலர் கவனிக்காத இன்னொன்று, ஸ்லைடு திரும்பி வந்து மூடும் தருணம். ஸ்லைடைத் திரும்ப முன்னால் தள்ளும் ஸ்பிரிங் அதேதான், அது தரும் ஆற்றலும் அதேதான்; தள்ள வேண்டிய எடை மட்டும் கூடுதல். ஸ்லைடு கொஞ்சம் நிதானமாக வரும், ஆனால் மூடும்போது கூடுதல் உந்தத்தோடு வந்து நிற்கும். பிஸ்டலின் நுனி லேசாகக் குனிந்து நிமிரும். வேகமாக இரண்டு, மூன்று சுடுபவருக்கு அந்தக் குனிவு தெரியும். சிலருக்கு அது பிடித்துப்போகும், சிலருக்குக் கடைசிவரை பிடிக்காது. இதை எந்த விளம்பரத் தாளும் சொல்லாது. சுட்டுப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

கனத்த ஸ்லைடை இழுக்கக் கூடுதல் பலம் வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். இழுக்கும்போது கை எதிர்க்கும் விசை ஸ்பிரிங்குடையது, ஹேமர் (தோட்டாவை வெடிக்கவைக்க அடிக்கும் சுத்தியல்) இறங்கியிருந்தால் அதன் ஸ்பிரிங்குடையதும் சேரும். ஸ்லைடின் எடைக்கு அதில் பெரிய பங்கு இல்லை. ஸ்லைடை இழுக்கச் சிரமப்படுபவர்கள் கவனிக்க வேண்டியது பிடிப்பையும் ஸ்பிரிங்கையும்.

இந்தப் பேச்சு எங்கே தொடங்கினாலும் பெரெட்டா 92 என்ற இத்தாலிய 9 மி.மீ. பிஸ்டலில் வந்து நிற்கும். சாதா, கனம் என்ற இந்த வித்தியாசத்தைப் புரிந்துகொள்ள அதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. அதன் ஸ்லைடின் மேல்பக்கம் திறந்திருக்கும், பேரல் வெளியே தெரியும். சுட்ட தோட்டாவின் காலி உறை தடையின்றி வெளியேற அது வசதி. ஆனால் லாக்கிங் பிளாக்கின் (சுடும் கணத்தில் பேரலையும் ஸ்லைடையும் சேர்த்துப் பூட்டும் துண்டு) காதுகள், அதாவது அதன் இருபக்க நீட்டங்கள், வந்து பூட்டும் இடத்தில், மேலே கூரை இல்லாததால், மிச்சமிருப்பது இரண்டு பக்கச் சுவர்கள்தான். முழு அடியையும் தாங்குவது அந்தச் சுவர்கள். அமெரிக்க ராணுவம் 1985-இல் இந்த பிஸ்டலை எம்9 என்ற பெயரில் ஏற்றுக்கொண்டது. அடுத்த சில ஆண்டுகளில் சில துப்பாக்கிகளில் ஸ்லைடு அந்த இடத்திலேயே விரிந்து இரண்டாக உடைந்தது. பின்பாதி பின்னால் பறந்து வந்து சுட்டவர்களின் முகத்தில் அடித்தது. குற்றம் அளவுக்கு மீறிய அழுத்தத் தோட்டாவுடையதா, உலோகத்துடையதா என்று பெரிய வாக்குவாதமே நடந்தது.

அதன் பிறகு வந்ததுதான் 92எஃப்எஸ். அதில் ஹேமரைத் தாங்கும் ஆணியான ஹேமர் பின்னின் தலையைப் பெரிதாக்கி, ஸ்லைடின் அடியில் அதற்கேற்ற பள்ளம் வெட்டினார்கள். ஸ்லைடு உடைவதை அந்த ஹேமர் பின் தடுக்காது. உடைந்தால் பின்பாதி ஃபிரேமை விட்டுக் கழன்று பறக்காமல் பிடித்துக்கொள்ளும். எனக்கு மிகவும் பிடித்த பொறியியல் இது. உடையவே உடையாது என்று சத்தியம் செய்யாமல், உடைந்தால் என்ன ஆகும் என்று யோசித்திருக்கிறார்கள்.

1990-களில் வந்த பிரிகேடியர் என்ற பெரெட்டா வகை மறுபக்கத்திலிருந்து யோசித்தது. அந்தப் பக்கச் சுவர்களையே தடிமனாக்கினார்கள். லாக்கிங் பிளாக் இருக்கும் இடத்தில் ஸ்லைடு புடைத்திருப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அமெரிக்கக் குடியேற்றத் துறை .40 (0.40 அங்குல) தோட்டாவுக்கான 96டி பிரிகேடியரை எடுத்ததும் இதனால்தான், 9 மி.மீ.-ஐவிடக் கடினமான அடியை நாள்தோறும் தாங்க வேண்டியிருந்தது. கூடவே ஒரு சின்ன வசதியும் வந்தது. சாதா 92எஃப்எஸ்ஸில் முன் சைட் (குறிபார்க்கும் முனை) ஸ்லைடோடு ஒன்றாகவே செய்திருக்கும், மாற்ற முடியாது. பிரிகேடியரில் கழற்றி மாற்றலாம். உண்மையைச் சொன்னால், கனத்துக்காக இல்லாமல் இந்த சைட்டுக்காகவே பிரிகேடியர் எடுத்தவர்களும் உண்டு. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். சைட் தெரியாவிட்டால் மற்றதெல்லாம் எதற்கு?

ஹோல்ஸ்டர் விஷயம் ஒரு வரியில்: புடைப்பு இருப்பதால் சாதா ஸ்லைடுக்கு அளவெடுத்துச் செய்த இடுப்பு உறையில் கனத்தது பெரும்பாலும் நுழையாது, இழுத்துத் திணிக்காதீர்கள்.

இனி நான் நேரில் பார்த்தது. வேறொரு கம்பெனியின் பிஸ்டல், கனத்த ஸ்லைடு வகை. வாங்கி ஒரு மாதம் ஆகியிருக்கும், கொண்டுவந்தவர் கோபமாக இருந்தார். "சார், இது டிஃபெக்ட் பீஸ். அஞ்சு சுட்டா ரெண்டு தடவ நிக்குது." ரேஞ்சில் நானே பக்கத்தில் நின்று பார்த்தேன். முதல் தோட்டாவிலேயே விஷயம் புரிந்துவிட்டது. காலி உறைகள் இரண்டு மூன்று மீட்டர் தள்ளி விழ வேண்டும். இவருடையவை ஷூவின் மேலேயே சொட்டின. மூன்றாவது முறை ஸ்லைடு பாதி தூரம்தான் போனது. மேகசினிலிருந்து அடுத்த தோட்டாவைப் பிடிக்காமலே திரும்பி மூடிக்கொண்டது. ட்ரிக்கரை அழுத்தினார், வெறும் 'டக்'.

"தம்பி, என்ன தோட்டா போடுறீங்க?"

"மெதுவானதுதான் சார். உதைப்பு குறையட்டும்னு வெடிமருந்து கம்மியா போட்டு நானே கட்டினது."

உதைப்பைக் குறைக்க கனத்த ஸ்லைடு, உதைப்பைக் குறைக்க மென்மையான தோட்டா. இரண்டும் சேர்ந்ததும் ஸ்லைடைப் பின்னால் தள்ளப் போதிய பலம் இல்லை. அன்று தொழிற்சாலைத் தோட்டா ஒரு பெட்டி சுடச் சொன்னேன். ஐம்பதும் நிற்காமல் ஓடின. துப்பாக்கியில் ஒரு குறையும் இல்லை.

இதன் மறுதுருவமும் வரும். கனத்த ஸ்லைடு இருக்கிறதே என்று தைரியமாக அதிக அழுத்தத் தோட்டாவை நாள்தோறும் போடுபவர்கள். 9 மி.மீ. தோட்டாவுக்கு அமெரிக்கத் தர அமைப்பான சாமி (SAAMI) வைத்த உச்ச அழுத்த வரம்பு சதுர அங்குலத்துக்கு 35,000 பவுண்டு. ப்ளஸ் பி வகைக்கு 38,500. அந்தக் கூடுதல் அழுத்தத்தைத் தாங்குவதில் பேரலுக்கும் பங்கு உண்டு, லாக்கிங் பிளாக்குக்கும் பங்கு உண்டு. பெரெட்டா போன்ற அமைப்பில் ஸ்லைடுக்கு முன்னால் விட்டுக்கொடுப்பது பெரும்பாலும் அந்த பிளாக்கின் காதுகள்தான். தடித்த ஸ்லைடு காதுகளைத் தடிமனாக்காது. மேகசினைக் கழற்றி, அறை (பேரலில் தோட்டா உட்காரும் இடம்) காலி என்று கண்ணாலும் விரலாலும் பார்த்துவிட்டு, பிஸ்டலைப் பிரித்து, காது உடம்போடு சேரும் மூலையில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் சிக்கினால் நல்ல வெளிச்சத்தில் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். முடி போன்ற கோடு தெரிந்தால் அன்றோடு சுடுவதை நிறுத்திவிட்டுப் பாகத்தை மாற்ற வேண்டும். கண் பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் ரேஞ்சில் ஒரு தோட்டாகூடச் சுடக் கூடாது என்று நான் கத்துவதும் இதனால்தான்.

ஸ்லைடைத் திரும்பத் தள்ளும் ரீகாயில் ஸ்பிரிங் இன்னும் மலிவானது, இன்னும் அதிகம் மறக்கப்படுவது. சோர்ந்த ஸ்பிரிங்கோடு ஓடும் கனத்த ஸ்லைடைவிட, புது ஸ்பிரிங்கோடு ஓடும் சாதா ஸ்லைடு ஃபிரேமைப் பத்திரமாக வைத்திருக்கும். 92-க்கு 5,000 தோட்டாவுக்கு ஒருமுறை மாற்றுவது வழக்கம். வேறு மாடல் என்றால் அதன் கையேட்டில் இருக்கும். கனத்த ஸ்லைடுக்குக் கனத்த ஸ்பிரிங் போடலாமா என்று கேட்பவர்களிடம் 'வேண்டாம்' என்றே சொல்கிறேன். கம்பெனி கொடுத்த ஸ்பிரிங்கோடு முதலில் சில நூறு சுடுங்கள், உறைகள் எங்கே விழுகின்றன என்று பாருங்கள், பிறகு பேசலாம்.

ஆக, யாருக்கு எது? மாதம் ஆயிரக்கணக்கில் முழு பலத் தோட்டா சுடுபவர், .40 போன்ற முரட்டுத் தோட்டாவில் பயிற்சி எடுப்பவர், முன் சைட்டை மாற்றியே ஆக வேண்டியவர், இவர்கள் கனத்ததை எடுக்கலாம். வாரக் கடைசியில் ஒரு பெட்டி சுட்டுவிட்டுப் போகிறவருக்கு அந்தக் கூடுதல் ஆயுள் பேரனுக்குத்தான் பயன்படும்.

அந்தத் தம்பி கனத்த ஸ்லைடை விற்கவில்லை. மருந்தின் அளவைப் புத்தகத்தில் சொன்ன எல்லைக்குள் கொண்டுவந்துவிட்டார். போன வாரம் ரேஞ்சில் பார்த்தேன். அவருடைய காலி உறைகள் என் பாதையில் வந்து விழுந்துகொண்டிருந்தன.