இரண்டு மூக்கு ஒன்றாகும் கணம்: ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா தூரத்தை அளக்கும் விதம்

பழைய ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவை முதன்முறை கண்ணருகே வைத்துப் பார்ப்பவர்களில் பலருக்கு, இது பழுதாகிக் கிடக்கிறதோ என்ற சந்தேகம் வரும். வியூஃபைண்டரில் காட்சி முழுக்கத் தெளிவாக இருக்கிறது. நடுவில், லேசாக மஞ்சள் படிந்த ஒரு சிறு கட்டத்துக்குள் மட்டும் எல்லாம் இரட்டையாகத் தெரிகிறது. எதிரே நிற்பவருக்கு இரண்டு மூக்கு. லென்ஸ் வளையத்தைத் திருப்பினால் இரண்டாவது மூக்கு பக்கவாட்டில் நகர்ந்து முதல் மூக்கின் மேல் போய் உட்காரும். உட்கார்ந்ததும் ஃபோகஸ் சரி. ஷட்டரை அழுத்தலாம்.

இந்த ஒரு சின்ன நகர்வுதான் ஆளைப் பிடித்துக்கொள்கிறது என்பது என் கணிப்பு. பளபளப்பான உலோகம், ஷட்டரின் மெல்லிய சத்தம், பழமையின் கவர்ச்சி எல்லாம் அப்புறம்தான். கேமரா தூரத்தை அளப்பதை நம் கண்ணாலேயே பார்க்கிறோம். ஆட்டோஃபோகஸ் கேமராவில் அது எங்கோ உள்ளே நடந்து, ஒரு பச்சைக் கட்டமாக மட்டும் நம்மிடம் வந்து சேர்கிறது.

உள்ளே இருப்பது பள்ளிக்கூட முக்கோணம்தான். கேமராவின் முகப்பில், ஒன்றுக்கொன்று சற்றுத் தள்ளி இரண்டு சாளரங்கள் இருக்கும். ஒன்றின் வழியாக வரும் ஒளி நேராக நம் கண்ணுக்குப் போகிறது. மற்றதன் வழியாக வரும் ஒளி ஒரு கண்ணாடியில் பட்டுப் பக்கவாட்டில் திரும்பி, பாதி ஒளியை விட்டுப் பாதியைத் திருப்பிவிடும் இன்னொரு கண்ணாடியை அடைந்து, முதல் காட்சியோடு கலக்கிறது. இரண்டு சாளரங்களுக்கும் இடையிலான தூரம் முக்கோணத்தின் அடிக்கோடு. படமெடுக்கப்படும் பொருள் அதன் உச்சி. பொருள் அருகில் இருந்தால் உச்சிக் கோணம் பெரிது. தள்ளிப் போகப் போகச் சிறிது. அந்தக் கோணத்துக்கு ஏற்றபடி முதல் கண்ணாடியைத் திருப்பினால் இரண்டு பிம்பங்களும் ஒன்றாகும். ஆக, கண்ணாடி எவ்வளவு திரும்பியது என்று தெரிந்தால் தூரமும் தெரிந்துவிடும்.

அடிக்கோடு 70 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஏறக்குறைய நம் இரண்டு கண்களுக்கு நடுவே உள்ள இடைவெளிதான். பொருள் 1 மீட்டரில் இருந்தால் உச்சிக் கோணம் 4 டிகிரி. 5 மீட்டரில் 0.8 டிகிரி. 10 மீட்டரில் வெறும் 0.4 டிகிரி. கண்ணாடி ஒரு மடங்கு திரும்பினால் பிரதிபலிக்கும் ஒளி இரண்டு மடங்கு திரும்பும் என்பதால், கண்ணாடி இதில் பாதி அளவு திரும்பினாலே போதும். 1 மீட்டரிலிருந்து கண்ணுக்கு எட்டிய தொலைவு வரைக்கும் மொத்தமே 2 டிகிரி அசைவு! அதிலும் 10 மீட்டருக்கு அப்பால் இருக்கும் மொத்த உலகத்துக்கும் மிஞ்சுவது 0.2 டிகிரி.

தூரத்தை அளந்தால் மட்டும் போதாது, லென்ஸும் அதே தூரத்துக்கு நகர வேண்டும். தொடக்கத்தில் ரேஞ்ச்ஃபைண்டர் தனிக் கருவியாக இருந்தது. அதில் தூரத்தைப் படித்து, பிறகு லென்ஸ் வளையத்தில் அந்த எண்ணை வைக்க வேண்டும். இரண்டையும் இணைத்த முதல் கேமரா, கோடாக் 1916-இல் கொண்டுவந்த 3ஏ ஆட்டோகிராஃபிக் ஸ்பெஷல். 35 மி.மீ. ஃபிலிம் கேமராக்களில் இந்த இணைப்பு 1932-இல் வந்தது: ஜெர்மனியின் வெட்ஸ்லார் நகரிலிருந்து லைக்கா 2, போட்டிக்கு ஸைஸ் ஐகானின் கான்டாக்ஸ்.

லைக்காவின் இணைப்பு பார்க்க எளிமையானது. லென்ஸைக் கழற்றிவிட்டு உள்ளே பார்த்தால், மேற்பகுதியில் ஒரு குட்டி உருளை தெரியும். அது ஒரு நெம்புகோலின் நுனி. லென்ஸை மாட்டினால் அதன் பின்விளிம்பு இந்த உருளையைத் தொட்டுக்கொண்டு நிற்கும். வளையத்தைத் திருப்ப லென்ஸ் முன்னே போகிறது, உருளை அதைத் தொடர்கிறது, நெம்புகோலின் மறுமுனை ரேஞ்ச்ஃபைண்டரை அசைக்கிறது. 50 மி.மீ. லென்ஸ் மிகத் தொலைவிலிருந்து 1 மீட்டருக்கு ஃபோகஸ் மாற முன்னே நகர வேண்டியது சுமார் 2.6 மி.மீ. தொலைவிலிருந்து 10 மீட்டருக்கு என்றால் கால் மி.மீ.தான். இந்தக் கால் மி.மீ. அசைவைப் பிசகாமல் நெம்புகோல் வழியாகக் கொண்டுபோய், அதையும் பல பத்தாண்டுகள் தேயாமல் செய்ய வைத்தார்களே, அந்தக் கடைசல் வேலையை நினைத்தால் எனக்கு இன்னமும் வியப்புதான்.

சரி, லென்ஸை மாற்றினால்? 90 மி.மீ. லென்ஸ் 1 மீட்டருக்குக் கிட்டத்தட்ட 9 மி.மீ. நகர வேண்டும், 35 மி.மீ. லென்ஸுக்கு 1.3 மி.மீ.யே போதும். கேமராவுக்கோ லென்ஸ் எது என்று தெரியாது. அதனால் வேலையை லென்ஸிடமே விட்டார்கள். ஒவ்வொரு லென்ஸின் பின்னாலும் ஒரு வளைவுப் பாதை கடையப்பட்டிருக்கும். தான் எவ்வளவு நகர்ந்தாலும், உருளையிடம் அதை ஏறக்குறைய 50 மி.மீ. லென்ஸின் நகர்வாக மாற்றிச் சொல்லும். இந்த ஏற்பாட்டை மற்றவர்களும், லென்ஸைக் கேமராவில் பொருத்தும் 39 மி.மீ. திருகு மவுன்டோடு சேர்த்தே எடுத்துக்கொண்டதால்தான், வேறு நாட்டில் வேறு நிறுவனம் செய்த லென்ஸும் லைக்காவில் ஃபோகஸ் ஆகிறது. சேகரிப்பவர்களின் பணப்பையில் விழுந்த முதல் ஓட்டை இந்த மவுன்ட்.

இனி முக்கியமான கேள்வி: எவ்வளவு துல்லியம்? நம் கண் பிரித்தறியக்கூடிய மிகச் சிறிய கோணம் சுமார் ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு. அடிக்கோடு நீண்டால் துல்லியம் கூடும். வியூஃபைண்டர் பிம்பத்தைப் பெரிதாக்கினாலும் கூடும். இரண்டையும் பெருக்கி வருவதுதான் கணக்கில் எடுக்க வேண்டிய நீளம். 1954-இல் வந்த லைக்கா எம்3-இன் அடிக்கோடு 68.5 மி.மீ., உருப்பெருக்கம் 0.91, பெருக்கினால் 62 மி.மீ. இதை வைத்துப் போட்டுப் பார்த்தால், 1 மீட்டரில் பிழை அரை செ.மீ., 3 மீட்டரில் 4 செ.மீ., 10 மீட்டரில் அரை மீட்டருக்குச் சற்றுக் குறைவு. தூரம் இரண்டு மடங்கானால் பிழை நான்கு மடங்காகும்.

கேட்டால் பயமாக இருக்கிறது, இல்லையா? ஆனால் படத்தில் தெளிவாகத் தெரியும் ஆழமும் ஏறக்குறைய இதே விகிதத்தில்தான் கூடுகிறது. 50 மி.மீ. லென்ஸின் ஒளித்துளையை எஃப்/2 அளவுக்கு அகலமாகத் திறந்து வைத்தால், 1 மீட்டரில் முன்னும் பின்னும் சுமார் 2.4 செ.மீ. தெளிவாக இருக்கும், 3 மீட்டரில் 20 செ.மீ.க்கு மேல். பிழையைவிட ஆழம் சுமார் ஐந்து மடங்கு. அருகில் போனாலும் தள்ளிப் போனாலும் அந்த ஐந்து மடங்கு பெரிதாக மாறுவதில்லை. இரண்டும் தூரத்தின் வர்க்கத்தில் வளர்வதால் வந்த அதிர்ஷ்டம் இது. குவியத் தூரம், அதாவது லென்ஸின் பெயரில் வரும் அந்த மி.மீ. எண், கூடினால் மட்டும் கதை மாறுகிறது. 90 மி.மீ. எஃப்/2 லென்ஸில் 1 மீட்டரில் கிடைக்கும் ஆழம் முன்னும் பின்னும் 7 மி.மீ. அளவுதான், பிழையோ 5 மி.மீ. அதனால்தான் பெரும்பாலான ரேஞ்ச்ஃபைண்டர்கள் 135 மி.மீ. லென்ஸோடு நின்றுவிட்டன.

முக்கோணம் ஒன்றுதான் என்றாலும் அதை ஒரு சிறு பெட்டிக்குள் அடைக்க ஒவ்வொருவரும் ஒவ்வொரு வழி கண்டார்கள். பல கேமராக்களை வாங்க வைக்கும் கெட்ட பழக்கத்துக்கு என்னால் சொல்லக்கூடிய நியாயமான காரணம் இது ஒன்றுதான். 1933-இல் வந்த லைக்கா 3-இன் அடிக்கோடு குட்டை, 39 மி.மீ. அளவுதான். ஆனால் ரேஞ்ச்ஃபைண்டருக்கென்று தனிக் கண்துளை வைத்து, பிம்பத்தை ஒன்றரை மடங்கு பெரிதாக்கி, பெரிய கேமராவின் துல்லியத்தை எட்டிப் பிடித்தார்கள். விலை என்னவென்றால், ஒரு துளையில் ஃபோகஸ் பார்த்துவிட்டுக் கண்ணை நகர்த்தி இன்னொரு துளையில் படத்தின் எல்லையைப் பார்க்க வேண்டும்.

ஸைஸ் காரர்கள் எதிர்த்திசையில் போனார்கள். 1936-இன் கான்டாக்ஸ் 2 இரண்டு வேலையையும் ஒரே துளையில் கொண்டுவந்தது. அடிக்கோடு 90 மி.மீ. உள்ளே ஆடும் கண்ணாடி கிடையாது. நீண்ட ஒற்றைக் கண்ணாடிப் பட்டகம் அசையாமல் கிடக்கும். முன்னால் ஆப்பு வடிவ வில்லை ஒன்று நகர்ந்து ஒளியைச் சாய்க்கும். கண்ணாடி சிறிது பிசகினால் அளவு இரண்டு மடங்காகக் கெடும். ஆப்பு வில்லை அப்படியல்ல. அது நிறைய நகர்ந்தால்தான் ஒளி கொஞ்சம் சாயும். அதனால் கேமரா அடிபட்டாலும் அளவு எளிதில் கெடாது. பொறியியல் அறிவில் இது லைக்காவை மிஞ்சியது என்பேன். பயன்படுத்துவது வேறு கதை. அடிக்கோட்டை நீட்டியதால் ஒரு சாளரம் வலது ஓரத்துக்குப் போய்விட்டது, சரியாக நம் விரல் வந்து மறைக்கும் இடத்துக்கு. கான்டாக்ஸ் வைத்திருப்பவர்கள் விரல்களை விநோதமாக மடக்கிப் பிடித்திருப்பது இதனால்தான்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கான்டாக்ஸின் தயாரிப்பு சோவியத் யூனியனுக்குப் போய், கீவ் நகர அர்செனால் தொழிற்சாலையில் கீவ் என்ற பெயரிலேயே தொடர்ந்தது. லைக்காவைப் பார்த்துச் செய்த ஃபெட் 1934-லிருந்தே கார்கிவில் தயாராகிக்கொண்டிருந்தது. 1948-இல் ஸோர்க்கி சேர்ந்துகொண்டது. ஜப்பானில் கேனனின் முதல் கேமரா 1936-இல் நிக்கோர் லென்ஸோடு வந்தது. நிக்கான் தன் ரேஞ்ச்ஃபைண்டரை 1948-இல் கொண்டுவந்தபோது, கான்டாக்ஸின் மவுன்டையும் லைக்காவின் துணி ஷட்டரையும் ஒரே உடம்பில் சேர்த்தது. இரண்டு பேரிடமும் நல்லதை மட்டும் எடுத்துக்கொண்ட கெட்டிக்காரத்தனம்!

படமெடுக்கும் லென்ஸ் வழியாகவே காட்சியையும் பார்க்கும் எஸ்.எல்.ஆர். கேமராவில் லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் நடுவே ஒரு கண்ணாடி மேலும் கீழும் ஆட இடம் வேண்டும். நிக்கான் எஃப்-இல் மவுன்டுக்கும் ஃபிலிமுக்கும் இடையே 46.5 மி.மீ.; லைக்கா எம் வகையில் 27.8 மி.மீ. ரேஞ்ச்ஃபைண்டரில் அந்த இடம் மிச்சமானதால் அகலக்கோண லென்ஸின் பின்பகுதியை ஃபிலிமை ஒட்டியே கொண்டுபோக முடிந்தது. கோணலில்லாத, சமச்சீரான அகலக்கோண லென்ஸ்கள் முதலில் இங்கேதான் செழித்தன. லுட்விக் பெர்ட்டலே வடிவமைத்த 21 மி.மீ. பயோகான் அதற்குப் பேர்போன உதாரணம். படம் பதியும் கணத்தில் வியூஃபைண்டர் இருட்டாவதும் இல்லை. எடுத்த முகபாவத்தை எடுக்கும்போதே பார்த்துவிடலாம்.

குறையும் அதே இடத்திலிருந்துதான் வருகிறது. நாம் பார்க்கும் சாளரம் வேறு, படமெடுக்கும் லென்ஸ் வேறு. அருகில் போகப் போக இரண்டும் காட்டும் காட்சி விலகும். எம்3-இல் ஒளிரும் எல்லைக்கோடுகள் ஃபோகஸோடு சேர்ந்து சரிந்து இதை ஓரளவு ஈடுகட்டும். லென்ஸ் மூடியைக் கழற்ற மறந்தாலும் வியூஃபைண்டர் எதுவும் சொல்லாது. பூவையும் பூச்சியையும் எடுக்க இது ஆகாது. 1959-இல் நிக்கான் எஃப் வந்தபின் செய்திப் புகைப்படக்காரர்கள் அந்தப் பக்கம் போனதில் தவறே இல்லை.

அப்படியும் ரேஞ்ச்ஃபைண்டர் சாகவில்லை, வீட்டுக் கேமராவாக இறங்கி வந்தது. 1961-இன் கேனனெட், 1966-இன் யாஷிகா எலக்ட்ரோ 35 போன்றவை லென்ஸ் மாற்ற முடியாதவை, ஆனால் லென்ஸ் நல்லது. இன்று பலருக்கும் தொடக்கம் இந்த வகையில்தான் அமைகிறது. பழைய மாடல் என்றால் பேட்டரியைக் கவனிக்க வேண்டும். பலவற்றின் ஒளிமானி 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்காகச் செய்யப்பட்டது. அது இப்போது கிடைக்காது. அதே அளவில் 1.55 வோல்ட் பேட்டரியைப் போட்டால் சில மானிகள் வெளிச்சம் அதிகம் என்று ஏமாந்துபோகும், படம் இருண்டுவிடும்.

வாங்கும் முன் பார்க்க வேண்டியதில் முதலாவது, அந்தச் சிறு கட்டம். பாதிக் கண்ணாடியின் பூச்சு காலப்போக்கில் மங்கும். மங்கினால் இரண்டாவது பிம்பம் ஆவிபோலத் தெரியும் அல்லது தெரியவே தெரியாது. பிறகு நிலாவையோ ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள கோபுரத்தையோ பார்க்கலாம். லென்ஸைத் தொலைவுப் பக்கமாகக் கடைசி வரை திருப்பினால் இரண்டும் ஒன்றாக வேண்டும். பக்கவாட்டில் விலகினால் ஃபோகஸே தவறும். மேலும் கீழுமாக விலகினால் அளவு கெடாது, கண்ணுக்குத்தான் எரிச்சல். இரண்டையும் சரிசெய்ய உள்ளே திருகுகள் உண்டு. துணி ஷட்டரில் ஊசித்துளைகள் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். நடுவில் தடுக்கக் கண்ணாடி இல்லாததால், மூடியில்லாத லென்ஸ் சூரியனைப் பார்த்துக் கிடந்தால் துணியைப் பொசுக்கிவிடும்.

லைக்கா என்ற பெயரைக் கண்டு ஆசைப்படுகிறவர்களுக்கு இன்னொன்று. ஃபெட்டையும் ஸோர்க்கியையும் பித்தளை தெரியச் சுரண்டி, லைக்கா என்று செதுக்கி, போர்க்காலக் கழுகுச் சின்னமும் போட்டு விற்கும் தொழில் உண்டு. லென்ஸைக் கழற்றி அந்த உருளையைத் தேடினால் போதும். உருண்டையான சக்கரம் இருந்தால் பரவாயில்லை, மேற்கொண்டு பேசலாம். தட்டையான நாக்கு போல ஒன்று இருந்தால் அது சோவியத் சரக்கு. அப்படியும் தெரிந்தே வாங்கி அலமாரியில் வைப்பவர்கள் இருக்கிறார்கள். அதில் எடுக்கும் படம் ஒன்றும் மோசமில்லை.