‘டெத் ஸ்பைரல்’: தமிழில் என்ன சொல்லலாம்?

குளிர்கால ஒலிம்பிக்கில் இணையர் பனிச்சறுக்காட்டம் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி மறந்திருக்காது. ஆண் முழங்காலை நன்றாக மடக்கி, பிளேடின் முன்முனையில் இருக்கும் பற்களைப் பனிக்கட்டியில் ஊன்றி, நின்ற இடத்திலேயே அச்சாகச் சுழல்வார். அவருடைய ஒரு கையை மட்டும் பிடித்தபடி பெண் ஒற்றைக் காலில் அவரைச் சுற்றி வட்டமிடுவார். உடல் சாய்ந்து சாய்ந்து பனித்தரைக்கு இணையாகப் படுத்துவிடும். தலை முழங்கால் மட்டத்துக்காவது இறங்க வேண்டும் என்பது போட்டி விதி. நல்ல ஆட்டக்காரர்களிடம் கூந்தல் தரையைத் தொடும்.

இதன் ஆங்கிலப் பெயர் டெத் ஸ்பைரல். அப்படியே தமிழாக்கினால் ‘மரணச்சுழல்’. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. காரணம், சோவியத் பனிச்சறுக்காட்டக்காரர் லுத்மிலா பெலவுசோவா.

முதலில் சொல்லின் பிறப்பைப் பார்த்துவிடலாம். இந்த அசைவை உருவாக்கியவர்கள் பெர்லினைச் சேர்ந்த ஷார்லட் ஓல்ஷ்லேகலும் அவர் கணவர் கர்ட் நாய்மனும், காலம் 1920கள். ஷார்லட் போட்டிக்காரர் அல்ல, நியூயார்க்கின் ஹிப்போட்ரோம் அரங்கில் கூட்டம் கூட்டிய மேடை நட்சத்திரம். ‘மரண’ என்ற அடைமொழியில் காட்சி அரங்கின் விளம்பர வாடை அடிக்கிறது என்பது என் எண்ணம். சர்க்கஸ்காரர்கள் ‘மரணக் கிணறு’ என்று பெயர் வைத்தது போலத்தான். ஒரே கையால் பிடித்துச் செய்யும் வடிவத்தை 1948 ஒலிம்பிக்கில் கனடாவின் சுசான் மாரோ, வாலஸ் டீஸ்டல்மையர் இணை ஆடிக்காட்டியது. அப்புறம் அது போட்டிகளின் நிரந்தரப் பகுதியானது.

ஜெர்மனில் இது ‘டோடெஸ்ஷ்பிராலே’. ரஷ்யர்கள் அதை வாங்கி, பின்பாதியை வெட்டிவிட்டு ‘டோடெஸ்’ என்று வைத்துக்கொண்டார்கள். ஜெர்மனில் அந்தத் துண்டுக்கு ‘மரணத்தின்’ என்றுதான் பொருள். ரஷ்யக் காதில் அது ஓர் அசைவின் பெயர், அவ்வளவுதான்.

பெலவுசோவா 1935இல் உல்யானவ்ஸ்க் நகரில் பிறந்தவர். பனிச்சறுக்குக் காலணியை முறையாக மாட்டியதே பதினாறு வயதில். இந்த விளையாட்டில் அது மிகவும் தாமதம். 1954இல் மாஸ்கோவில் ஒலெக் புரோட்டோபோபோவைச் சந்தித்தார். ஒலெக், லெனின்கிராட் முற்றுகையில் உயிர் பிழைத்த பிள்ளை. தாய் பாலே நடனக்காரர். 1957இல் இருவரும் திருமணம் செய்துகொண்டார்கள். 1960 ஒலிம்பிக்கில் ஒன்பதாம் இடம். 1964இல் இன்ஸ்புரூக்கில் தங்கம், இணை ஆட்டத்தில் சோவியத் நாட்டுக்குக் கிடைத்த முதல் ஒலிம்பிக் தங்கம் அது. 1968இல் கிரெனோபிளில் மறுபடியும் தங்கம். அப்போது பெலவுசோவாவுக்கு வயது 32. இடையில் 1965 முதல் 1968 வரை நான்கு உலகப் பட்டங்கள். அவர்கள் தொடங்கிவைத்த தங்க வரிசை 2006 வரை அறுபடவில்லை. 2002இல் மட்டும் கனடாவோடு பகிர்ந்துகொள்ள நேர்ந்தது.

பதக்கங்களைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. பனிச்சறுக்கு பிளேடின் அடிப்பகுதி தட்டையானது அல்ல. நடுவில் குழிந்து, காலின் உட்புறம் ஒன்றும் வெளிப்புறம் ஒன்றுமாக இரண்டு விளிம்புகள் இருக்கும். ஷார்லட் காலத்துச் சுழலில் பெண் பின்னோக்கிச் செல்வார், வெளிவிளிம்பில். முன்னோக்கியும் போகலாமே, உள்விளிம்பிலும் சாயலாமே என்று யோசித்த பெலவுசோவாவும் புரோட்டோபோபோவும் மீதி மூன்று வகைகளையும் உருவாக்கினார்கள். பெயரும் அவர்களே வைத்தார்கள். பின்னோக்கி உள்விளிம்பில் போவது அண்டச்சுழல். ககாரின் விண்ணுக்குப் போன பத்தாண்டு அல்லவா. முன்னோக்கி உள்விளிம்பில் போவது உயிர்ச்சுழல். முன்னோக்கி வெளிவிளிம்பில் போவது காதல்சுழல். மூன்றில் ஒன்றில்கூட மரணம் இல்லை. பாலேயின் நீண்ட கோடுகளோடு, லிஸ்டின், பீத்தோவனின் இசைக்கு மெல்ல அசைந்த இணை அது. அந்த ஆட்டத்துக்கு ‘மரண’ என்ற அடைமொழி ஒட்டவே ஒட்டாது.

1969இல் இன்னொரு சோவியத் இணை ஆட்டக்காரரான இரினா ரோட்னினாவின் வேகமும் வலுவும் வந்தன. இவர்களின் காலம் முடிந்தது. 1979இல் சுவிட்சர்லாந்து போனவர்கள் திரும்பவில்லை, அங்கேயே தஞ்சம் கேட்டார்கள். சோவியத் அரசு பட்டங்களைப் பறித்து, சாதனை ஏடுகளிலிருந்தும் பெயரை நீக்கியது. கிரிண்டல்வால்டில் குடியேறி, முதுமையிலும் காட்சி ஆட்டங்களில் ஆடினார்கள். பெலவுசோவா 2017இலும் ஒலெக் 2023இலும் காலமானார்கள். அரசு பெயரை அழித்தாலும், இன்றைக்கும் எந்த இணை உள்விளிம்பில் சுழன்றாலும் அது இவர்கள் வகுத்த வழிதான்.

சரி, தமிழுக்கு வருவோம். ‘ஸ்பைரல்’ என்பதற்குச் சுருள் என்று போட்டால் கம்பிச் சுருளும் கொசுவர்த்திச் சுருளும்தான் நினைவுக்கு வரும். இங்கே நடப்பது அச்சைச் சுற்றிய வட்டம். ஆகவே ‘சுழல்’ பொருந்துகிறது. அடைமொழிக்கு என் தேர்வு ‘கிடை’. படுத்த நிலை, கிடைமட்டம் இரண்டையும் அந்த ஒரு சொல் தருகிறது. பெண்ணின் உடல் இருக்கும் நிலையும் அதுவே. எனவே, கிடைச்சுழல். வகை பிரிப்பதும் எளிது: பின்வெளிக் கிடைச்சுழல், பின்னுள் கிடைச்சுழல், முன்வெளிக் கிடைச்சுழல், முன்னுள் கிடைச்சுழல். ‘தாழ்சுழல்’ என்றும் யோசித்துப் பார்த்தேன். உடல் தாழ்வது தெரிகிறது, படுப்பது தெரியவில்லை.

பொருளாதாரச் செய்திகளிலும் டெத் ஸ்பைரல் வரும்: கடனை அடைக்கக் கடன் வாங்கி, மீள வழியில்லாமல் மூழ்கும் நிறுவனத்தைப் பற்றி எழுதும்போது. அந்த இடத்தில் ‘மரணச்சுழல்’ என்றே எழுதுங்கள். அங்கே அது சரியான சொல்.