களிமண் பூமிதானே, என்ன பயம்?

போன வருடம் மே மாதம் சென்னை விருகம்பாக்கம் பக்கம் ஒரு மனையைச் சோதிக்கப் போனேன். நெடுநாள் மெக்கானிக் ஷெட் இருந்த இடம். டீசலும் பெட்ரோலும் கழிவு ஆயிலும் தரையிலேயே கொட்டப்பட்டிருக்கின்றன. வாங்கப்போகிறவர், "களிமண் பூமி சார், ஒரு சொட்டு கூட கீழ எறங்காது" என்றார். மண் கல்லாகக் காய்ந்து, விரல் நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடந்தது. இரண்டடி, மூன்றடி துளை போட்டு ஆவி அளக்கும் மீட்டரை வைத்தோம். கிட்டத்தட்டப் பூஜ்யம். நானும் சற்று அலட்சியமாகத்தான் ரிப்போர்ட் எழுதினேன்.

ஐப்பசியில் முதல் பெருமழை. மறுநாள் காலையே போன்: "சார், அஸ்திவாரக் குழியில பெட்ரோல் நாத்தம் தாங்கல."

புதிதாக யாரும் எதையும் ஊற்றவில்லை. காய்ந்த களிமண்ணின் பரப்பு பெட்ரோல் ஆவியை இறுகப் பிடித்துக்கொள்ளும். ஆனால் அந்தப் பரப்புக்குப் பெட்ரோலைவிடத் தண்ணீரின் மேல்தான் ஆசை அதிகம். ஈரம் வந்ததும் தண்ணீருக்கு இடம் கொடுத்து ஆவியை வெளியே தள்ளிவிடும். நாம் ரசிக்கும் மண்வாசனையிலும் இந்தக் கதை கொஞ்சம் உண்டு. 1964-ல் பேர், தாமஸ் என்ற இரண்டு ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள், காய்ந்த மண்ணும் பாறையும் உறிஞ்சி வைத்திருக்கும் எண்ணெய்ப் பொருட்கள் ஈரத்தில் வெளிவருவதை எழுதினார்கள். விருகம்பாக்கத்தில் வந்தது அதே வாசனையின் கெட்ட தம்பி.

அப்புறம், களிமண் என்று ஒரே பெயரில் சொல்கிறோமே, அதிலேயே பல சாதி. வெள்ளைக் களியில் இருக்கும் கயோலினைட் என்ற கனிமத்தில் ஒரு கிராமை எடுத்துப் பிரித்து விரித்தால் 10 முதல் 20 சதுர மீட்டர் வரும், ஒரு படுக்கையறை அளவு. வேளச்சேரி, சிறுசேரி பக்கம் கோடையில் வெடித்து மழையில் உப்பும் மண்ணில் இருக்கும் மான்ட்மோரில்லோனைட் அப்படியல்ல. அது புத்தகம் போல ஏடு ஏடாக இருக்கும். அந்த ஏடுகளின் இடுக்கையும் சேர்த்தால் ஒரு கிராமுக்கு 600 முதல் 800 சதுர மீட்டர். நம் ஊர்க் கணக்கில் சொன்னால் மூன்று கிரவுண்டு!

இவ்வளவு இடம் இருந்தும் எல்லோரையும் அது உள்ளே விடாது. அந்த ஏடுகளில் எதிர்மின்னூட்டம் இருக்கிறது. அதனால் நேர்மின்னூட்டம் உள்ள பாராகுவாட் களைக்கொல்லியை இடுக்கில் இழுத்துக்கொண்டு லேசில் விடாது. லேபில் அதே நேர்மின்னூட்டம் உள்ள மெத்திலீன் நீலச் சாயத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, எவ்வளவு குடிக்கிறது என்று பார்த்தே இந்தக் களியை அடையாளம் காண்கிறோம். 2,4-டி என்ற களைக்கொல்லி சாதாரண மண்ணில் எதிர்மின்னூட்டத்தோடு இருக்கும். அதைக் களி விரட்டும், மழைநீரோடு போய்விடும். பெட்ரோலில் இருக்கும் பென்சீனுக்கு எந்த மின்னூட்டமும் கிடையாது. ஈரக் களி அதைக் கண்டுகொள்ளாது. அதைப் பிடிப்பது பெரும்பாலும் மண்ணில் இருக்கும் மக்குதான், அதாவது மக்கிப்போன இலை தழை. அந்தப் பிடியும் சுமார்தான். ஆகவே "களிமண்தானே" என்று யாராவது சொன்னால், எந்தக் களி, எந்த விஷம் என்று திருப்பிக் கேட்பேன்.

பெசன்ட் நகர், திருவான்மியூர், கொட்டிவாக்கம் ஆட்கள் "எங்களுக்குக் களியே இல்லையே" என்பார்கள். அதுதான் கவலை. கடற்கரை மணலில் களியும் குறைவு, மக்கும் குறைவு. வீடு கட்டும்போது அடிக்கும் கரையான் மருந்தை நினைத்துப் பாருங்கள். அதில் ஒன்றான குளோர்பைரிபாஸ் ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் ஒரு மில்லிகிராம்தான் கரையும். மக்கு இருக்கும் மண்ணில் நன்றாக ஒட்டிக்கொள்ளும். இப்போது பலர் அடிக்கும் இமிடாகுளோபிரிட் சுமார் 600 மில்லிகிராம் கரையும். மணலும் மேலாக நிற்கும் நிலத்தடி நீரும் சேர்ந்த மனையில், கிணற்றை ஒட்டி அதை ஊற்றுவது எனக்குச் சம்மதமில்லை. குளோர்பைரிபாஸும் முழு சாது அல்ல. காரத்தன்மை கூடினால் சீக்கிரம் உடையும். சிமென்ட் கலந்த ஈர மண் காரம்தானே? உடைந்து பிறக்கும் பொருள் தாயைப் போல மண்ணில் ஒட்டாது, தண்ணீரோடு நகரும். மருந்தை மட்டும் தேடிவிட்டு "இல்லை" என்று எழுதும் ரிப்போர்ட்டை நம்பாதீர்கள்.

கழிவுநீர் கசியும் மனை என்றால் இன்னொரு தலைவலி. சோப்பும் கரைந்த அழுக்கும், மண்ணில் ஒட்டியிருந்த எண்ணெய்ப் பொருட்களைத் தண்ணீரில் ஏற்றிக் கொண்டுபோகும்.

இப்போதெல்லாம் மண் மாதிரி அனுப்பும்போது கரிமக் கார்பன் (மக்கு எவ்வளவு என்று காட்டும்), பி.எச். (அமிலமா காரமா என்று காட்டும்), உப்பளவு, களியின் வகை நான்கையும் கேட்கிறேன். சிறு வீட்டு மனைக்குக் களி வகை பார்க்கும் செலவு அதிகம்தான். மெத்திலீன் நீலச் சோதனையே போதும். ஆவிச் சோதனையைக் காய்ந்த மண்ணில் ஒரு தடவை, நல்ல மழைக்குப் பிறகு ஒரு தடவை என்று இரண்டு முறை செய்கிறேன். அவசரமாகக் கிரயம் முடிக்க நினைப்பவர்கள் முகம் சுளிப்பார்கள். சரி, சுளிக்கட்டும்.

விருகம்பாக்கம் மனையில் ஷெட் நின்ற மூலையின் மண்ணைத் தோண்டி அப்புறப்படுத்தச் சொன்னேன். சம்ப் (தரைக்கடித் தண்ணீர்த் தொட்டி) அந்த மூலையில்தான் வருவதாக இருந்தது, எதிர்மூலைக்கு மாற்றினார்கள். தண்ணீர்க் குழாயாகக் கறுப்புப் பிளாஸ்டிக் பைப் வாங்கி வைத்திருந்தார், அதையும் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. மண்ணில் பெட்ரோல் இருந்தால் அந்த பைப்பின் சுவரை ஊடுருவிக் குடிநீரில் கலந்துவிடும். இரும்புக் குழாய்க்கு விலை கேட்டு அவர் என்னை நன்றாகத் திட்டினார்.